ஸ்கேனிலேயே பெயர் தெரிந்த கட்டிக்கு எதற்குச் சதைப் பரிசோதனை?

கேள்வி: ஜூலை 21, இரவு 10.40

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். தம்பிக்கு வயது 34. ஒன்றரை வருடமாக வலது தாடையில் கரண்ட் அடித்த மாதிரி வலி. பல் வலி என்று நினைத்து இரண்டு பல்லைப் பிடுங்கியாயிற்று, வலி நிற்கவில்லை. கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தால் மூளைக்கு அடியில் கட்டி. ‘எபிடெர்மாய்டு சிஸ்ட்’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. சாதாரணக் கட்டிதான் என்றார்கள். போன வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்தது. இப்போது எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறோம், பத்து நாள் ஆகும் என்கிறார்கள். பெயரே தெரிந்த கட்டிக்கு எதற்குப் பயாப்ஸி? எதையோ மறைக்கிறார்கள் என்று அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 21, இரவு 11.25

தஞ்சாவூரில் பேத்தாலஜி டாக்டராக இருக்கிறேன். சதையைப் பார்த்துப் பெயர் சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை.

முதலில் அம்மாவுக்கு. பயாப்ஸி என்றால் புற்றுநோய் என்று அர்த்தம் கிடையாது. குடல்வால், பித்தப்பை, கர்ப்பப்பை என்று ஆபரேஷனில் எடுத்த எதையும் அனுப்பிப் பார்ப்பதுதான் முறை. அனுப்பாமல் விட்டால்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். இன்றிரவு அம்மா தூங்கட்டும், மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 22, காலை 7.10

நம் பேச்சில் எல்லாமே ‘கட்டி’தான். பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டினாலும் கட்டி, அக்குளில் சீழ் வைத்தாலும் கட்டி, மூளையில் புற்று வந்தாலும் கட்டி. சிஸ்ட் என்பது பை. உள்ளே நீரோ, கூழோ, மெழுகு மாதிரி ஏதோ ஒன்றோ இருக்கும். சுற்றி ஒரு தோல் இருக்கும். சினைப்பையில் வருவதை நீர்க்கட்டி என்று பெண்கள் எல்லோரும் சொல்கிறார்கள், அந்தச் சொல் யாரையும் பயமுறுத்துவதில்லை. மூளையில் வரும் பைகளையும் அப்படியே சொல்லிப் பழகினால் பாதி அழுகை குறையும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றிலும் உள்ளே நீர்தான் இருக்கும் என்பதில்லை, ஆனாலும் பரவாயில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கேன் எவ்வளவு பெரிய மிஷினாக இருந்தாலும் அது பையை வெளியிலிருந்துதான் பார்க்கிறது. உள்ளே இருப்பது நீரா, கொழுப்பா, கெட்டியான சரக்கா என்று சொல்லும். பையின் தோல் எந்த வகைச் செல்லால் ஆனது என்று அதற்குத் தெரியாது. பெயர் வைப்பது அந்தச் செல்தான். பல நேரம் ஒரே ஒரு அடுக்குச் செல்.

தம்பி விஷயத்தில் ஸ்கேன் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம் எடுப்பார்கள். எபிடெர்மாய்டு அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதே இடத்தில் அரக்னாய்டு சிஸ்ட் என்ற வெறும் நீர்ப்பை இருந்தால் கறுப்பாகத் தெரியும். தாடை வலிக்கும் காரணம் உண்டு. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, அதைக் கட்டி உரசிக்கொண்டிருந்திருக்கும். பாவம், அந்த இரண்டு பல்லும்.

ஜூலை 22, மதியம் 2.00

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

எபிடெர்மாய்டு என்பது வழி தவறிய தோல். கரு உருவான மூன்றிலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள், முதுகுப் பக்கம் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும்போது, தோலாக வேண்டிய சில செல்கள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. அவை உள்ளேயும் தோல் வேலையைத்தான் செய்கின்றன. நமக்கு மேல்தோல் தினமும் உதிர்ந்து குளித்தால் போய்விடுகிறது. அதற்கு உதிர்வதற்கு வெளி இல்லை. உதிர்ந்தது உள்ளேயே அடுக்கடுக்காகச் சேர்கிறது. அதனால்தான் முப்பது வயதில், நாற்பது வயதில் தெரிய வருகிறது. 1829லேயே குருவேயே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை ‘முத்துக் கட்டி’ என்று எழுதிவைத்தார். பாட்டிலைத் திறந்து தட்டில் கொட்டினால் அப்படித்தான் இருக்கும். வெள்ளை, பட்டு மாதிரி மினுமினுப்பு, விரலால் தொட்டால் மெழுகு போல உதிரும்.

லென்ஸில் பார்த்தால் வெங்காயச் சருகை அடுக்கிய மாதிரி கெரட்டின், அதில் உட்கருவே இருக்காது. அதற்கு அடியில் தோலின் அடுக்குகள், நடுவில் நீலப் பொடி தூவிய மாதிரி ஒரு வரிசை. அந்தப் பொடி வரிசையைப் பார்த்துவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும். பக்கத்தில் மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி இருந்தால் அது டெர்மாய்டு, வேறு பெயர். மிக அரிதாக இந்தத் தோலிலேயே புற்று வருவதும் உண்டு. அது இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கும்தான் பயாப்ஸி.

ஜூலை 22, இரவு 9.50

சிதம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், “மூளையில் இப்படி எத்தனை வகை இருக்கிறது மேடம்?” என்று. எல்லாவற்றையும் எழுத இடம் போதாது. என் மேஜைக்கு வந்தவற்றில் மனதில் நிற்பது கொலாய்டு சிஸ்ட். மூளையின் நடுவில் மூன்றாவது நீரறை, அதன் கூரையில், நீர் இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில் தொங்கும். உள்ளே இளநொங்குபோல வழுவழுப்பு, சிலதில் கெட்டிப் பாகு. அளவு சின்னதுதான், ஆனால் நிற்கிற இடம் மடை. வாய்க்கால் தலைப்பில் ஒரு பானையை வைத்து அடைத்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீர் தேங்கி, தலைவலி, வாந்தி, திடீரென்று உயிரே போனதும் உண்டு. 1858ல் வால்மான் இதைப் பற்றி எழுதினார், 1921ல் வால்டர் டாண்டி முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தார். இந்த வகையில் சாதாரணக் கட்டி என்ற பேச்சு செல்லாது. செல் சாது, இடம்தான் பொல்லாதது.

அதன் தோல் அழகு. ஒற்றை வரிசைத் தூண் செல்கள், தலையில் நுண்ணிய இழைகள். நாற்றங்கால் வரப்பில் குப்புறப் படுத்து நாற்றைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. நடுநடுவே சளி நிறைந்த கோப்பைச் செல்கள். அந்த இழையும் கோப்பையும் கண்டால் கொலாய்டு என்று எழுதிவிடலாம்.

ஜூலை 23, காலை 6.30

ராத்திரி எழுதியதன் கடைசி வரி தப்பு. படுத்தபிறகுதான் உறைத்தது, திருத்திவிடுகிறேன்.

இழையும் கோப்பைச் செல்லும் மூன்று இடத்தில் வரும். மூன்றாவது நீரறையில் இருந்தால் கொலாய்டு. பிட்யூட்டரி சுரப்பிப் பக்கம் இருந்தால் ராத்கே பிளவு சிஸ்ட். மூளைத்தண்டுக்கு முன்னாலோ முதுகுத்தண்டிலோ இருந்தால் குடல்வழிச் சிஸ்ட், நியூரென்டெரிக் என்பார்கள். மூன்று ஸ்லைடையும் பெயர் ஒட்டாமல் என் முன்னால் வைத்தால் எந்த ஸ்லைடு எந்த ஊர் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்தால்தான் பெயர் வரும். ஸ்கேனுக்குச் செல் தெரியாது என்று நேற்றுக் காலை பெருமையாக எழுதினேன். செல்லுக்கு இடம் தெரியாது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 23, இரவு 10.15

எங்கள் டெக்னீஷியன் அண்ணனிடம் இந்தப் பேச்சைச் சொன்னேன். “எம்பெட் பண்றதையும் எழுதுங்க மேடம், அதுல கோட்டை விட்டா நீங்க லென்ஸ்ல என்னத்தப் பார்ப்பீங்க” என்றார். எம்பெட் என்றால் சதையை மெழுகில் பதிப்பது. நியாயம்.

வந்து சேர்வது பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவு சவ்வு. சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் சுருங்கி, கசங்கி, பாட்டில் அடியில் ஒட்டிக் கிடக்கும். இடுக்கியால் அழுத்திப் பிடித்தாலே ஒற்றை அடுக்குச் செல் உரிந்துபோகும். அண்ணன் அதை வடிதாளில் பொட்டலம் மடித்து, ஒரு சொட்டு இயோசின் விடுவார். சிவப்பு ஏறினால்தான் நாளைக்கு வெள்ளை மெழுகுக்குள் அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று ஒரு ராத்திரி ஓடும். காலையில் உருகிய மெழுகில் அந்தச் சவ்வைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துவார், அதுதான் வித்தை. கும்பகோணம் வெற்றிலையைப் படுக்கப்போட்டுச் சீவினால் பச்சை மட்டும்தான் வரும், நிறுத்திச் சீவினால் மேல்பக்கம், நடு, அடிப்பக்கம் மூன்றும் ஒரே கோட்டில் தெரியும் என்பார். படுத்துவிட்ட சவ்வில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்றே எனக்குத் தெரியாமல் போகும்.

அப்புறம் நான்கு மைக்ரான் கனத்தில் சீவல். தலைமுடியின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. ரிப்பன்போல வரும் மெழுகை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் தானாகப் பிரியும். மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியை அடியில் விட்டு ஏந்தி எடுப்பார். அந்த நேரத்தில் யாரும் ஃபேன் போடக் கூடாது.

இதற்கெல்லாம்தான் அந்த நாட்கள் போகின்றன. சில சமயம் செல்லின் வகையை உறுதிசெய்யத் தனிச் சாயம் போட வேண்டிவரும். நாங்கள் அதற்குச் சென்னைக்குப் பிளாக், அதாவது சதை பதித்த அந்த மெழுகுக் கட்டையை, அனுப்புவோம், அதில் இன்னும் ஒரு வாரம். உதாரணமாக, மெல்லிய நீர்ப்பை ஒன்றின் செல் இஎம்ஏ சாயத்தை ஏற்றுக்கொண்டு ஜிஎஃப்ஏபியை ஏற்காவிட்டால் அது மூளை உறையிலிருந்து வந்த அரக்னாய்டு. ஜிஎஃப்ஏபியை ஏற்றால் மூளைத் திசுவிலிருந்து வந்தது.

ஜூலை 25, இரவு 8.40

“ஒரு துளி எடுத்துப் பார்த்தால் போதாதா, பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே?” என்று கேள்வி வந்திருக்கிறது.

இங்கே அந்தப் பழமொழி உதவாது. ஒரே பையில் ஒரு மூலையில் தோல் செல் இருக்கும், இன்னொரு மூலையில் செல் எல்லாம் உதிர்ந்து வெறும் புண் ஆறிய திசு இருக்கும், மூன்றாவது மூலையில் ஒரே ஒரு மயிர்க்கால் இருக்கும். அந்த ஒன்று எபிடெர்மாய்டை டெர்மாய்டு ஆக்கிவிடும். பிட்யூட்டரிப் பக்கத்துப் பையில் நாற்றங்கால் செல்லெல்லாம் மாறித் தோல் செல்லாகிவிட்ட பகுதி மட்டும் என் கைக்கு வந்தால், அதைக் கிரேனியோஃபெரிஞ்சியோமா என்ற வளரும் கட்டியாக நினைக்க இடமுண்டு. அதில் பாப்பிலரி என்ற வகையில் பெரும்பாலும் பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் இருக்கும். ராத்கே பையில் அது இருக்காது. சந்தேகம் வந்தால் அதையும் பார்க்கச் சொல்வோம். வந்த துணுக்கு எல்லாவற்றையும் மெழுகில் போடுங்கள், ஒன்றையும் மிச்சம் வைக்காதீர்கள் என்று நான் அடம்பிடிப்பது இதற்குத்தான்.

ஜூலை 26, இரவு 11.50

இதை எழுதலாமா என்று நான்கு நாளாக யோசித்தேன்.

பல வருடம் முன்னால், வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது நடந்தது. கல்லூரியில் படிக்கும் பெண். ஃபாரத்தில் ‘மூளைக் கட்டி’ என்ற இரண்டு வார்த்தைதான். எந்த இடம், என்ன தொந்தரவு, ஸ்கேனில் என்ன, ஒன்றும் இல்லை. நான்கைந்து சின்னத் துணுக்கு. லென்ஸில் பார்த்தால் நார்நாராக மூளைத் தாங்குதிசு, நடுவில் ரோஜா நிறத்தில் தடித்த கேரட் மாதிரி ரோசென்தால் இழைகள். பாடப் புத்தகத்தில் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற கட்டிக்கு அடையாளமாகச் சொல்வது அந்த இழைகளைத்தான். ரிப்போர்ட்டில் அதையே டைப் செய்துவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, “டாக்டரம்மா, தையில நிச்சயம் வச்சிருக்கோம், தள்ளிப் போடணுமா?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சர்ஜனுக்குப் போன் அடித்தேன். கட்டி எங்கே இருந்தது என்றேன். “பீனியல் சார், அழகான வட்டப் பை” என்றார், போனில் என்னை யாரோ என்று நினைத்துக்கொண்டு.

அந்தச் சொல் ஒன்று போதும். பீனியல் என்பது மூளையின் நடுவில் உள்ள ஒரு சின்னச் சுரப்பி. பீனியல் பைக்கு மூன்று அடுக்கு உண்டு. உள்ளே தாங்குதிசு, அதில் ரோசென்தால் இழை தாராளமாக இருக்கும். நடுவில் பீனியல் சுரப்பியின் சொந்தத் திசு. வெளியே மெல்லிய உறை. எனக்கு வந்த துணுக்கில் உள் அடுக்குத்தான் பெரிதாக இருந்தது. பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னேன். மூன்றாவது ஸ்லைடில் ஒரு ஓரத்தில் நடு அடுக்கு வந்தது. பீனியல் சிஸ்ட் என்று மாற்றி எழுதினேன். தையில் கல்யாணம் நடந்தது.

ஜூலை 27, காலை 8.05

மேலே உள்ளதை மறுபடி படித்தேன். ஃபாரத்தைக் குறை சொல்லியிருக்கிறேன். அது குறைதான், ஆனால் முழுக்க அதன்மேல் போட முடியாது. இடம் தெரியாத துணுக்குக்கு டைப் அடிக்கும் முன் நான் போன் அடித்திருக்க வேண்டும். அந்த அம்மா அன்றைக்கு வராமல் மறுநாள் வந்திருந்தால் கையெழுத்து போட்டிருப்பேன். அதிலிருந்து மூளைச் சதை எதுவானாலும் ஸ்கேன் சிடியோ ஃபிலிமோ வராமல் லென்ஸில் வைப்பதில்லை. இதைப் படிக்கும் உறவுக்காரர்கள் பாட்டிலோடு ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் கொடுங்கள்.

ஜூலை 27, மாலை 5.30

திருத்துறைப்பூண்டிக்காரருக்கு: தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கழுத்து வலி என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், இப்போதே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கொண்டுபோங்கள். அந்த முத்துச் சரக்கு நீரில் கசிந்தால் கிருமியே இல்லாமல் மூளை உறை சிவந்து காய்ச்சல் வருவது உண்டு. கிருமியாலும் வரலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

ஜூலை 28, இரவு 9.15

அட்மிட் ஆகிவிட்டார், நீரில் கிருமி வளரவில்லை, மருந்தில் காய்ச்சல் இறங்குகிறது என்று செய்தி. நல்லது.

இதற்கு நடுவில் மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டது. “நாங்கள் சுத்த சைவம். மூளையில் நாடாப்புழுப் பை இருக்கிறது என்கிறார்கள். பன்றி தின்பவர்களுக்குத்தானே அது வரும்?” இல்லை. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் புழு வரும். மூளையில் பை வருவது புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவதால். அந்த முட்டை, புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து கைவழியாக, தண்ணீர்வழியாக, கழுவாத கீரைவழியாக யார் வாய்க்கும் போகும். சைவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் நாட்டில் வலிப்புக்கு இது பெரிய காரணம், அரிதான சங்கதியே அல்ல. இப்போதெல்லாம் ஸ்கேனிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்துவிடுகிறார்கள், என் மேஜைக்கு அபூர்வமாகத்தான் வரும். வந்தால் பார்க்க அற்புதம். அலை அலையான சுவர், உள்ளே குட்டித் தலை, நான்கு உறிஞ்சிகள், இரண்டு வரிசைக் கொக்கி.

ஜூலை 29, காலை 7.00

பையின் தோல்தான் பெயர் வைக்கும் என்று ஆரம்பத்தில் சொன்னதையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். நாடாப்புழுவில் உள்ளே இருக்கும் கொக்கிதான் சாட்சி. எபிடெர்மாய்டிலும் நரம்பை ஒட்டிய தோலை உரிக்க முடியாமல் சர்ஜன் உள்ளே இருக்கும் சருகை மட்டும் எடுத்து அனுப்புவது உண்டு. அந்தச் சருகோடு ஸ்கேனும் ஒத்துப்போனால், ‘எபிடெர்மாய்டுக்குப் பொருந்துகிறது’ என்று எழுதுவேன். ‘எபிடெர்மாய்டு’ என்று மொட்டையாக எழுத மாட்டேன். ரிப்போர்ட்டில் அந்தப் ‘பொருந்துகிறது’ வந்தால் அதை அலட்சியமாகப் படிக்காதீர்கள்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, இரவு 9.00

லேப் விடுமுறை. காலையில் திருவையாறு படித்துறையில் காதோலை கருகமணி, காப்பரிசியோடு பெண்கள் கூட்டம், தண்ணீர் நிறைய வந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் போன். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பாட்டில், வெள்ளிக்கிழமையிலிருந்து சலைனில் கிடக்கிறது. ஃபார்மலின் தீர்ந்துபோயிற்றாம். மூன்றாவது நீரறைக் கட்டி, எண்டோஸ்கோபியில் எடுத்தது. ஓடிப்போய் மாற்றினேன். மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறிய செல்லில் இழை நிற்குமா என்று தெரியவில்லை. பத்து சதவீத ஃபார்மலின், சதையைப்போல் பத்து மடங்கு அளவு, அகல வாய் பாட்டில். இவ்வளவுதான் கேட்கிறோம். குறுகிய வாய் பாட்டிலில் நேராகப் போகும் சதை, கெட்டியான பிறகு வெளியே வராது.

ஆகஸ்ட் 5, இரவு 10.30

சலைன் பாட்டில்: மேற்பரப்பில் செல் அழிந்திருந்தது. ஒரு மடிப்புக்குள் மட்டும் பத்துப் பதினைந்து செல் தப்பித்திருந்தது, நான்கைந்தில் இழை நின்றது. உள்ளே இருந்த கூழ் பிஏஎஸ் சாயத்தில் நன்றாகச் சிவந்தது. அதில் பூஞ்சை மாதிரி நூல் நூலாகத் தெரிந்ததைப் பார்த்துக் கூட இருந்த இளம் டாக்டர் பதறினார். அது பூஞ்சை இல்லை, கொலாய்டின் பழைய சரக்கு அப்படி இழையோடும். படத்தோடு சேர்த்துக் கொலாய்டு சிஸ்ட் என்று கையெழுத்து போட்டேன்.

திருத்துறைப்பூண்டித் தம்பியின் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று அனுப்பியிருக்கிறார். நான் பார்த்த ஸ்லைடு அல்ல, வேறு லேப். எபிடெர்மாய்டு சிஸ்ட், சுவரில் பொடி அடுக்கு தெரிகிறது, மயிர்க்கால் இல்லை, புற்றுக்கான அறிகுறி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சர்ஜன் குறிப்பில் நரம்பை ஒட்டிய ஒரு துண்டுத் தோலை விட்டிருப்பதாக இருக்கிறது. அதை விட்டது சரிதான், பிடுங்கியிருந்தால் முகம் கோணியிருக்கலாம். ஆனால் அந்தத் துண்டு தோல் வேலையைத் தொடரும், தோல் வளரும் வேகத்தில். சர்ஜன் சொல்லும் கணக்கில் டிஃப்யூஷன் படத்தோடு எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பல வருடத்துக்கு.

ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் பற்றி லேபில் கேட்டு வையுங்கள். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். வீட்டில் வைப்பதானால் வெயில் படாத பீரோவில் வையுங்கள், மெழுகு உருகிவிடும். அம்மா என்ன சொல்கிறார்?

ஆகஸ்ட் 6, காலை 6.45

“தாடை வலி நின்றுவிட்டது, நேற்று அப்பளம் கடித்துச் சாப்பிட்டான்” என்று அம்மா சொன்னாராம்.